இறங்குவதற்கும் பலம் வேண்டும்: பனிச்சறுக்குக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே காலைப் பழக்குவது

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதினால் வாசிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். மார்கழி விடியற்காலைக் குளிருக்கே மப்ளர் சுற்றுகிற ஊர் இது. ஆனால் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் சுவிஸிலோ நோர்வேயிலோ கனடாவிலோ பிள்ளை இருக்கிற வீடு ஒன்றாவது இருக்கும். விசா கிடைத்துக் குளிர்காலத்தில் போய் இறங்குகிறவர்களை அங்கே பிறந்த பிள்ளைகள் சும்மா விடுவதில்லை. "மாமா, ஒருக்கா ஸ்கீ செய்து பாருங்கோ" என்று மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் நானும் ஒருவன்.

அப்போது எனக்கு 43 வயது. கொக்குவிலில் இருந்து வேலைக்குப் போய் வருவது சைக்கிளில்தான். கால் பலத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. சுவிஸில் கிரின்டெல்வால்ட் என்ற மலையூர்ப் பக்கத்தில், ஐந்து வயதுக் குழந்தைகள் பழகுகிற ஒரு சரிவில், முதல் நாள் முழுக்க விழுந்து விழுந்து எழும்பினேன். பெரிதாக மூச்சு வாங்கவில்லை, நெஞ்சும் அடிக்கவில்லை. "மாமா பரவாயில்லை" என்று மருமகனே சொன்னான். இரண்டாம் நாள் காலை அக்கா வீட்டு மாடிப்படியில் இறங்க முடியவில்லை. ஏறினால் ஏறலாம், இறங்கத்தான் முடியாது. கைபிடியைப் பற்றிக்கொண்டு, முகத்தைப் படிப்பக்கம் திருப்பி, ஏணியில் இறங்குவதுபோலப் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன். மருமகன் கீழே நின்று வீடியோ எடுத்தான்.

ஏற முடிகிற காலால் ஏன் இறங்க முடியவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பனிச்சறுக்குக்கு எப்படி உடம்பைத் தயார் செய்வது என்பதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

தசை செய்கிற மூன்று வேலை

கிணற்றடியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்த வாளியை நிலத்தில் இருந்து கிணற்றுக்கட்டில் தூக்கி வைக்கிறீர்கள். அப்போது மேற்கைத் தசை சுருங்கிக் கட்டையாகிறது. எல்லோருக்கும் தெரிந்த தசை வேலை இதுதான். இடையில் யாரோ கூப்பிட, வாளியை அப்படியே பிடித்தபடி நின்று கதைக்கிறீர்கள். தசையின் நீளம் மாறவில்லை, ஆனாலும் கை உளைகிறது. இது இரண்டாவது. அப்புறம், தண்ணீர் தளும்பாமல் வாளியை மெதுவாக நிலத்தில் இறக்கி வைக்கிறீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. கை நீளுகிறது, தசையும் நீளுகிறது. ஆனால் தசை ஓய்வெடுக்கவில்லை. மேல்நோக்கி இழுத்துக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றுக்கொடுக்கிறது. கையை விட்டால் வாளி 'டமார்' என்று விழும். விழாமல் இறங்குவது இந்த மூன்றாவது வேலையால்.

உடற்பயிற்சி விஞ்ஞானத்தில் முதலாவதைக் கொன்சென்ட்ரிக் என்றும் மூன்றாவதை எக்சென்ட்ரிக் என்றும் சொல்வார்கள். நான் இங்கே 'தூக்கும் வேலை', 'இறக்கும் வேலை' என்றே எழுதப்போகிறேன். நடுவில் உள்ளதைத் 'தாங்கும் வேலை' என்று வைத்துக்கொள்வோம்.

இனிப் பனிமலைக்கு வருவோம். உங்களை மேலே கொண்டுபோவது கேபிள் கார். கீழே இழுப்பது புவியீர்ப்பு. அப்படியானால் உங்கள் காலுக்கு என்ன வேலை? பிரேக் பிடிக்கிற வேலை. சரிவில் திரும்பும்போது வளைவின் வெளிப்பக்கத்துக் கால்தான் பாரத்தின் பெரும்பங்கைத் தாங்குகிறது. முழங்கால் மடிய மடிய முன்தொடைத் தசை நீண்டுகொண்டே அந்தப் பாரத்தை மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிறது. 1995 இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் ஜயன்ட் ஸ்லாலம் (கம்பங்களைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்குகிற சறுக்குப்போட்டி) பந்தயவீரர்களின் தொடைத் தசைகளை அளந்து பார்த்தபோது, தூக்கும் வேலையைவிட இறக்கும் வேலையே மேலோங்கி இருப்பதைக் கண்டார்கள். ஓட்டம், சைக்கிள், நீச்சல் போன்ற எங்களுக்குப் பழக்கமான விளையாட்டுகளில் இப்படி இல்லை.

புதிதாகப் பழகுகிறவர் பந்தயவீரரைப்போல வளைந்து வளைந்து போவதில்லை என்பது உண்மைதான். அவர் முதலில் கற்பது ஆப்பு வடிவம். சறுக்குப்பலகைகளின் முன்நுனிகளைக் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பால் பனியைச் சுரண்டி வேகத்தைக் குறைப்பது. பிள்ளைகளுக்கு இதைப் 'பீட்சா' என்று சொல்லிக்கொடுப்பார்கள், பீட்சாத் துண்டின் வடிவம் என்பதால். "மாமா, பீட்சா! பீட்சா!" என்று என் மருமகன் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த நிலையில் முன்தொடையும் உள்தொடையும் நிமிடக்கணக்கில் தாங்கும் வேலை செய்கின்றன. ஆகவே புதியவருக்கு வேண்டியது தாங்கும் பலமும் இறக்கும் பலமும். தூக்கும் பலம் விழுந்தபிறகு எழும்பத்தான் அதிகம் தேவைப்படும். (எனக்கு அதுவும் நிறையவே தேவைப்பட்டது.)

சைக்கிள்காரர் ஏன் ஏமாந்தார்

சைக்கிள் மிதிப்பதில் இறக்கும் வேலை அனேகமாக இல்லை. மிதிகட்டையைக் கீழே தள்ளும்போது தொடை சுருங்குகிறது. மேலே வரும்போது மற்றக் கால் தள்ளுவதால் அது தானாக வருகிறது. இருபது வருடம் சைக்கிள் ஓடினாலும் முன்தொடைத் தசைக்கு 'நீண்டுகொண்டு பாரம் தாங்கு' என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதுவும் எங்கள் தரை பலகைமாதிரி. குடாநாட்டில் மேடு என்றால் வரம்பு, பள்ளம் என்றால் வாய்க்கால். இறங்குவதற்கு இடமே இல்லாத ஊரில் இறங்குகிற தசை எங்கேயிருந்து வரும்?

இது சம்பந்தமாகச் சைக்கிள்காரர்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது. 1952 இல் இங்கிலாந்தில் அபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக நிறுத்தி, ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் வழக்கம்போல முன்னுக்கு மிதிப்பார். மற்றவரின் மிதிகட்டைகள் பின்னோக்கிச் சுற்றும், அதை அவர் காலால் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். முன்னவர் செய்வது தூக்கும் வேலை, பின்னவர் செய்வது இறக்கும் வேலை. இருவர் காலிலும் ஒரே விசைதான். ஆனால் தடுக்கிறவருக்கு ஒட்சிசன் பல மடங்கு குறைவாகவே செலவானது. லண்டன் ரோயல் சொசைட்டியில் இதைக் காட்டியபோது சிறிய உடம்புள்ள ஒரு பெண் தடுப்பவராக இருந்து, மிதித்த பெரிய ஆணைக் களைக்கவைத்தது பார்த்தவர்களுக்கு நல்ல கொண்டாட்டமாக இருந்ததாம்.

இதில் எங்களுக்குப் பாடம் என்னவென்றால், இறக்கும் வேலை மூச்சுக்கு மலிவு. அதனால்தான் முதல் நாள் நான் களைக்கவில்லை. ஆனால் தசைக்கு அது மலிவு இல்லை. குறைந்த எண்ணிக்கையான நார்கள் அதிக பாரத்தைத் தாங்குகின்றன. கப்பியில் கயிறு வழுக்கிப்போகும்போது இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கை உரசிப்போகுமே, அதுபோல ஒரு சேதம் தசை நார்களுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது. அன்று ஒன்றும் தெரியாது. அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் உளைவு தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். பலர் இதை 'லக்ரிக் அமிலம்' என்று சொல்வதுண்டு. அது சரியில்லை. அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் கரைந்துபோய்விடும்.

நல்ல செய்தியும் இதற்குள்ளேயே இருக்கிறது. இறக்கும் வேலையை ஒருமுறை கொஞ்சமாகச் செய்து உளைந்த தசை, அடுத்த வாரம் அதே வேலையைச் செய்யும்போது அவ்வளவு உளையாது. தடுப்பூசி மாதிரி. அந்தப் பாதுகாப்பு சில வாரங்களுக்கு நிற்கும். அதாவது சுவிஸில் படிக்கட்டில் பின்பக்கமாக இறங்க வேண்டிய நாளை, யாழ்ப்பாணத்தில் சிறுசிறு துண்டுகளாக முன்கூட்டியே கழித்துவிடலாம்.

தோப்புக்கரணம், ஆனால் மெதுவாக

முதற்பயிற்சிக்கு எந்த உபகரணமும் வேண்டாம். பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணமே போதும். ஆனால் கோவிலில் நாங்கள் போடுவது பிள்ளையாரையே ஏய்க்கிற மாதிரி மூன்று குட்டிக் குனிவு. இங்கே அது செல்லாது. பாதங்களை இடுப்பளவு அகலத்தில் வைத்து, கையைக் குறுக்காகப் போட்டுக் காதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்திக்காகச் சொல்லவில்லை, கை அப்படி இருந்தால் வீசி உதவி எடுக்க முடியாது. இப்போது நாலு எண்ணும்வரை கீழே போகவேண்டும். ஒன்று... இரண்டு... மூன்று... நாலு. தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக வந்தால் போதும், குதிக்கால் கிளம்பக்கூடாது. ஒரு கணம் நின்று, ஒரே எண்ணில் எழும்புங்கள். இறங்குவது நாலு, ஏறுவது ஒன்று. இதுதான் முழு இரகசியமும்.

முதல் நாள் எட்டு தரம், கொஞ்ச நேரம் ஆறி இன்னும் எட்டு. அவ்வளவுதான். 'இதென்ன, சும்மா கிடக்கிறது' என்று ஐம்பது போடுகிறவர்கள் நாளைமறுநாள் என்னை ஏசுவார்கள். பழக்கமில்லாத உடம்பில் இறக்கும் வேலையை ஒரேயடியாக நூற்றுக்கணக்கில் செய்தால் தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குவதும் நடக்கிறது. பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் வீட்டில் இருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இரண்டாவது பயிற்சி படியில். வீட்டு வாசற்படி, விறாந்தைப் படி எதுவானாலும் சரி. படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை முன்னால் தொங்கவிட்டு, நிற்கிற காலை மெதுவாக மடித்து, தொங்குகிற காலின் குதி நிலத்தை முத்தமிடுகிற அளவுக்கு இறங்குங்கள். பாரத்தை நிலத்தில் போடாமல் திரும்ப ஏறுங்கள். முதலில் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். இதைச் செய்யும்போது முன்னால் ஒரு கண்ணாடி இருந்தால் நல்லது. உங்கள் முழங்கால் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். பலருக்கு அது பெருவிரலையும் தாண்டி உள்பக்கம் சாயும். அப்படிச் சாயவிடாமல், பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேரே வைத்திருக்கப் பழக வேண்டும். நான் இதைப் பழக ஒரு மாதம் எடுத்தது. இடது கால் பணிந்தது, வலது கால் இன்றைக்கும் கள்ளம் செய்யும்.

ஏன் இவ்வளவு கவனம்? பனிச்சறுக்கில் அதிகமாகக் காயப்படுகிற இடம் முழங்கால். பாதமும் கணுக்காலும் இறுக்கமான பிளாஸ்ரிக் சப்பாத்துக்குள் பூட்டப்பட்டிருக்கும், அதற்குக் கீழே உங்கள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பலகை. பலகை ஒரு பக்கம் திரும்பி உடம்பு மறுபக்கம் திரும்பினால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குத்தான் போகும். விழும்போது சப்பாத்து பலகையில் இருந்து கழன்றுகொள்கிற பூட்டு இருக்கிறது. உங்கள் நிறை, உயரம், வயது, திறமை எல்லாம் கேட்டுத்தான் அதைச் சரிசெய்து தருவார்கள். அங்கே நிறையைக் குறைத்துச் சொல்லி அழகு பார்க்க வேண்டாம், திறமையைக் கூட்டியும் சொல்ல வேண்டாம். ஆனால் மெதுவாக முறுகி விழும்போது அந்தப் பூட்டு சிலவேளை கழலாமலும் விட்டுவிடும். உதைபந்தாட்டக்காரர்கள் 'சவ்வு கிழிஞ்சு போச்சு' என்பார்களே, முழங்காலுக்குள்ளே குறுக்காக இருக்கிற அந்த முன் சவ்வுதான் சறுக்குகிறவர்களுக்கும் கிழிவது.

அந்தச் சவ்வுக்குக் காவல் பின்தொடைத் தசை. முன்தொடை கீழ்க்கால் எலும்பை முன்னே இழுக்க, பின்தொடை அதைப் பின்னே இழுத்துப் பிடிக்கிறது. முன்தொடையை மட்டும் வளர்த்துப் பின்தொடையை விட்டுவிட்டால் இழுபறியில் ஒரு பக்கம் தோற்கும். இதற்கு எங்கள் பழைய வீட்டு மினுமினுத்த சிவப்புச் சீமெந்துத் தரை தங்கமான இடம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, குதிக்கால்களுக்குக் கீழே ஒரு பழைய துவாயை வையுங்கள். இடுப்பைத் தூக்குங்கள். இப்போது இடுப்பு விழாமல், குதிக்கால்களைத் துவாயோடு மெதுவாக முன்னே சறுக்கிக் காலை நீட்டுங்கள். நீட்டி முடிந்ததும் இடுப்பைத் தரையில் வைத்து, காலை மடித்து, திரும்பத் தொடங்குங்கள். ஆறு தரம் செய்தால் பின்தொடை எங்கே இருக்கிறது என்று தெரியவரும். என் மனைவி முதல்முறை பார்த்துவிட்டு, "தரை துடைக்கிறதெண்டால் எழும்பி நிண்டு துடையுங்கோவன்" என்றாள்.

தாங்கும் வேலைக்குச் சுவர்க்கதிரை. முதுகைச் சுவரில் சாய்த்து, இல்லாத கதிரையில் இருப்பதுபோல இருக்க வேண்டும். முதலில் 30 வினாடி. ஒன்றரை நிமிடத்துக்குக் கொண்டுவந்தால் ஆப்பு நிலையில் நின்று பிடிக்கத் தேவையான அத்திவாரம் வந்துவிட்டது. தொடைகளுக்கிடையில் ஒரு பந்தையோ தலையணையையோ இடுக்கிக்கொண்டால் உள்தொடைக்கும் வேலை. நாரிக்கு, முழங்கையில் ஊன்றிப் பலகைபோல உடம்பை நேராகப் பிடிப்பது. அதை நேராகவும் பக்கவாட்டிலும் செய்தால் போதும், இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

பின்னால் சாய்கிற வியாதி

"பின்னாலை சாயாதேங்கோ மாமா!" மருமகன் பீட்சாவுக்கு அடுத்தபடியாகக் கத்தியது இதைத்தான். சரிவைக் கண்டால் எந்த மனிதனும் பின்னால் சாய்வான், அது பயத்தின் இயல்பு. ஆனால் சறுக்குச் சப்பாத்து காலை முன்பக்கம் சாய்ந்த நிலையில் பூட்டி வைத்திருக்கிறது. கணுக்கால் மேற்கொண்டு அதிகம் மடியாது. நீங்கள் முழங்காலை மட்டும் மடித்தால் பின்பக்கம் கீழே போய், உடம்பின் பாரம் முழங்காலுக்குப் பின்னால் தள்ளிப்போகிறது. வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பாரம் தள்ளிப்போகப் போக முன்தொடை படுகிற பாடு கூடிக்கொண்டே போகும். பலகையின் முன்பக்கத்தில் பாரம் இல்லாததால் அது சொல்வழி கேட்காது. கேட்காததால் பயம் கூடும், பயம் கூட இன்னும் பின்னால் சாய்வீர்கள். நான் இரண்டு நாள் இந்தச் சுற்றுக்குள்ளேயே கிடந்தேன்.

ஊரிலேயே இதற்கு ஒரு பழக்கம் செய்யலாம். சப்பாத்துப் போட்டபடி, கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் ஒரு தாழ்வான வாங்கின் விளிம்பில் படும்படி நின்று, அந்தத் தொடுகை விடுபடாமல் மெதுவாக மடிந்து நிமிருங்கள். கை இரண்டும் முன்னால், சாப்பாட்டுத் தட்டு ஏந்துவதுபோல. எங்கள் ஆட்கள் குந்தியிருக்கப் பழகியவர்கள் என்பது ஒரு வரம். இடுப்பும் முழங்காலும் நன்றாக மடியும். ஆனால் குந்தியிருக்கும்போது பாரம் குதிக்காலில் இருக்கும். சறுக்கும்போது அதைப் பாதத்தின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

சமநிலையை வீட்டைவிட மினிபஸ்ஸில் நன்றாகக் கற்கலாம். பருத்தித்துறை வீதியில் நின்றுகொண்டு போகிற மினிபஸ்ஸில் பழகிய பயணியைப் பாருங்கள். முழங்கால் இலேசாக மடிந்திருக்கும், பாதம் அகன்றிருக்கும். பள்ளம் வந்தால் கால் மடியும், தலை அதே உயரத்தில் இருக்கும். புதிதாய் ஏறியவர் காலை விறைப்பாக வைத்துக்கொண்டு முன்சீற்றில் போய் மோதுவார். சறுக்குகிறவரின் நிற்பும் அந்தப் பழகிய பயணியின் நிற்புத்தான். (கம்பியைப் பிடித்துக்கொண்டே பழகுங்கள்.) என் அப்பப்பா காலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் துலா மிதித்தவர்கள் இருந்தார்கள். ஆள் ஒருவர் துலா மரத்தின் மேலேயே முன்னும் பின்னும் நடப்பார், மரம் ஏறியும் தாழ்ந்தும் ஆடும். அவர்களில் ஒருவரைப் பலகையில் ஏற்றி விட்டிருந்தால் என்னைவிடக் கெதியாகப் பழகியிருப்பார் என்று நினைக்கிறேன். எங்களுக்கு அது இல்லாததால், பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நிற்பதில் தொடங்குவோம். ஒரு கிழமையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கப் பாருங்கள், கணுக்கால் ஆடுகிற ஆட்டம் தெரியும்.

ஐந்தாறு வாரம் கழித்து, கால் பழகியபிறகு, நிலத்தில் ஒரு கயிற்றைப் போட்டு அதன் இரு பக்கமும் பக்கவாட்டில் துள்ளலாம். விதி ஒன்றுதான்: இறங்குகிற சத்தம் கேட்கக்கூடாது. சத்தம் கேட்டால் பாரத்தைத் தசை வாங்கவில்லை, மூட்டு வாங்கிவிட்டது என்று அர்த்தம்.

சரிவு வேண்டுமென்றால்

எங்களிடம் மலை இல்லை, ஆனால் மணற்காடு இருக்கிறது. வடமராட்சி கிழக்கில், மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயச் சுவர்கள் நிற்கிற அந்த மணல்மேடுகள்தான் குடாநாட்டில் ஏறி இறங்கக் கிடைக்கிற நல்ல சரிவு. பிள்ளைகளோடு ஒரு பின்னேரம் போய்ப் பத்துத் தரம் ஏறி இறங்குங்கள். கால் புதைந்து வழுக்கும்போது இடுப்பும் கணுக்காலும் நன்றாகப் பழகும். பாரத்தை முன்னால் வைத்து இறங்குகிற துணிச்சலும் வரும், விழுந்தாலும் மணல்தானே. ஆனால் மணல் தானே பாரத்தின் ஒரு பங்கை வாங்கிவிடுவதால் இறக்கும் வேலையில் அது படிக்கட்டுக்கு ஈடாகாது. ஏறுவதற்கு மணல், இறங்குவதற்குப் படி என்று வைத்துக்கொண்டால் சரி. வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடிவீடு உங்களுடையதோ அயலவருடையதோ இருந்தால் அந்தப் படியே போதும். மேலே சாதாரணமாக ஏறி, கீழே ஒவ்வொரு படியையும் மூன்று எண்ணி இறங்குங்கள்.

சைக்கிளைக் கைவிடச் சொல்லவில்லை. நெஞ்சுக்கும் மூச்சுக்கும் அது வேண்டும். பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று அடிக்கிற பின்னேரமாகப் பார்த்து, மூன்று நிமிடம் பலமாக மிதித்து, மூன்று நிமிடம் ஆறுதலாகப் போய், ஐந்து தரம் இப்படிச் செய்யுங்கள். சறுக்குவதும் இப்படித்தான். சில நிமிடம் உழைப்பு, பிறகு கேபிளில் ஏறும்போது ஓய்வு, திரும்ப உழைப்பு. பண்ணைக் காற்று மலைச்சரிவுக்கு நல்ல ஒத்திகை.

உயரத்தையும் மறக்கக்கூடாது. பிறந்ததில் இருந்து கடல்மட்டத்தில் மூச்சுவிட்டவர்கள் நாங்கள். எங்கள் நாட்டின் ஆக உயர்ந்த இடமான பீதுருதாலகால 2,524 மீற்றர். சுவிஸில் உறவினர்கள் சுற்றிக்காட்டக் கூட்டிப்போகிற யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையமே 3,454 மீற்றர். 3,000 மீற்றரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதன் 70 வீதம் அளவுதான். பழகுகிற சரிவுகள் பெரும்பாலும் இதைவிடத் தாழ்வில்தான் இருக்கும், ஆனாலும் முதல் நாளில் தலையிடி, மூச்சுமுட்டல் என்று வந்தால் பயிற்சி போதவில்லை என்று உங்களைக் குறை சொல்லாதீர்கள். மெதுவாகச் செய்யுங்கள், தண்ணீர் குடியுங்கள். குளிரில் தாகம் தெரியாது.

எத்தனை நாள் முன்னால்?

எட்டு வாரம் இருந்தால் நிம்மதி. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு அரை மணித்தியாலம், இடையில் ஒருநாளாவது ஓய்வு. முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை குறைவாக, வேகம் மெதுவாக. மூன்றாம் வாரத்தில் இருந்து பத்துப் பத்தாக மூன்று சுற்று. ஐந்தாம் வாரத்தில் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி. துள்ளல் அதற்குப் பிறகு. நாலு வாரம்தான் இருக்கிறது என்றால் துள்ளலை விட்டுவிட்டு, படியையும் தோப்புக்கரணத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வாரம்தான் இருக்கிறது என்றால், இரண்டு தரம் இலேசாகச் செய்துவிட்டு நிறுத்துங்கள், தடுப்பூசிக்கு அது போதும். விமானம் ஏறுவதற்கு நாலைந்து நாளுக்கு முன் கடும் பயிற்சி எதுவும் வேண்டாம். உளைகிற காலோடு போய் இறங்குவதில் பிரயோசனம் இல்லை.

பிரஷர், சீனி வியாதி, நெஞ்சுநோ, பழைய முழங்கால் காயம் இருக்கிறவர்கள் முதலில் டொக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். தசை உளைவு இரண்டு தொடையிலும் சமமாக, பரவலாக, அமத்தினால் நோகிற மாதிரி இருக்கும். மூட்டுக்குள்ளே ஒரு புள்ளியில் குத்தினாலோ, முழங்கால் வீங்கினாலோ அது உளைவு இல்லை. நிறுத்திவிட வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து நான் திரும்பப் போனேன். நல்லாச் சறுக்கினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நீலச்சரிவில்தான் நின்றேன், சுவிஸில் ஆக இலகுவானது நீலம், அதற்குமேல் சிவப்பு, கறுப்பு. விழுந்த கணக்கும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் நாலு நாள் தொடர்ந்து போக முடிந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் மூன்று மணிபோல, "கடைசியா ஒருக்கா" என்று மருமகன் கேட்டபோது தொடை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்குகிற தொடை பிரேக் பிடிக்காது. நான் பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கேபிள் காருக்கு நடந்தேன். கீழே இறங்கவும் அதில் ஏறலாம், அதே டிக்கெட்தான்.